கம்ப்ரஸர் போச்சு

“பொட்டி இல்லாம வண்டி திரும்பி வரக் கூடாது, புரிஞ்சுதா?” என்று சொல்லித்தான் லட்சுமணனை அனுப்பினார் செல்வராஜ். செங்கல்பட்டில் ஏ.சி. பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் அவர்.

பொட்டி என்றால் ஏ.சி. பெட்டி. பழுது எதுவானாலும் ‘கம்ப்ரஸர் போச்சு’ என்று சொல்லி, பெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் நல்ல கம்ப்ரஸரை எடுத்துக்கொண்டு, பெயின்ட் அடித்த பழையது ஒன்றை மாட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். கடை ஓடுவதே அப்படித்தான்.

லட்சுமணனுக்கு அது கைவந்த கலை. ஏ.சி.யில் காதை வைத்துக் கேட்பான். உதட்டைப் பிதுக்குவான். கைவிட்ட நோயாளியைப் பார்க்கும் டாக்டர் மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டுவான். அதற்கு மேல் யாரும் அவனைக் கேள்வி கேட்டதில்லை.

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், அந்த வீட்டு வாசலில் லோடு ஆட்டோவை நிறுத்தினான். மொட்டை மாடியில் தென்னங்கீற்று பரப்பி, ஜன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அப்படியும் உள்ளே அனல் அடித்தது. கடற்காற்று எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

கதவைத் திறந்த ஞானம்பாள், “முதல்ல உட்காருங்க தம்பி. வேலை எங்கேயும் ஓடிடாது” என்று ஒரு கிண்ணம் நிறைய நுங்கைக் கொண்டுவந்து நீட்டினாள். “எங்க வீட்டுக்காரர் ஊரெல்லாம் விசாரிச்சுத்தான் உங்க கடையைப் பிடிச்சார்.”

போகிற வீடுகளில் குடிக்கத் தண்ணீரைக்கூடக் கேட்டு வாங்கியே பழகியவன் லட்சுமணன். நுங்கு தொண்டையில் இறங்கும்போது என்னவோ போலிருந்தது.

அறைக்குள் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

“எங்க பொண்ணு ஜெயப்பிரியா. பிரசவத்துக்கு வந்திருக்கா. காலையிலேருந்து மெஷின்ல வெறும் காத்துதான் வருது.”

“அண்ணே, இதைச் சரி பண்ணிட்டீங்கன்னா பிள்ளைக்கு உங்க பேரையே வெச்சுடறேன்” என்றாள் ஜெயப்பிரியா. சிரிக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது.

லட்சுமணன் அந்த விண்டோ ஏ.சி.யின் மூடியைக் கழற்றினான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கம்ப்ரஸருக்குப் போகும் ஒயர் ஒன்று கழன்று தொங்கியது. சொருகினால் வேலை முடிந்தது.

வழக்கம்போல் காதை வைத்துக் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான். தலையையும் ஆட்டியாகிவிட்டது. வாயைத் திறக்கப் போகையில், ஜெயப்பிரியா வயிற்றைத் தாங்கிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து சாய்ந்தாள். பெட்டி கடைக்குப் போனால் திரும்பி வர ஒரு வாரமாவது ஆகும். அதுவரை இந்தப் பெண் இங்கே கிடந்து வேக வேண்டும்.

“கம்ப்ரஸர்…” என்று ஆரம்பித்தவன் ஒயரை எடுத்துச் சொருகினான். “கம்ப்ரஸருக்கு ஒண்ணும் இல்லம்மா. ஒயருதான் கயண்டுகினு கீது. இதோ, மாட்டிட்டேன்.”

சற்று நேரத்தில் குளிர்ந்த காற்று வந்தது. ஜெயப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“அவ்வளவுதானா?”

கனத்த குரல் கேட்டு லட்சுமணன் திரும்பினான். ஒட்ட வெட்டிய முடி, முறுக்கிய மீசை, விறைப்பான நடை. கையில் லத்தி ஒன்றுதான் குறை. ஞானம்பாளின் கணவர் சதாசிவம்.

“நல்லாப் பாத்துச் சொல்லுப்பா. கம்ப்ரஸர் போயிருக்கும். கடைக்குத் தூக்கிட்டுப் போய்த்தானே பாக்கணும்?”

“தேவையே இல்ல சார். நல்லா கீது.”

“கேஸாவது குறைஞ்சிருக்குமே?”

“அதுவும் ஃபுல்லா கீது சார்.”

சதாசிவம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த ஒயரைக் கழட்டி விட்டதே நான்தான். வர்ற மெக்கானிக் உண்மையைச் சொல்றானா, ஏமாத்துறானான்னு பாக்கத்தான்.”

“அதுக்காகப் புள்ளத்தாச்சிப் பொண்ணையா வேக வெப்பாங்க?” என்று முணுமுணுத்தபடி உள்ளே போனாள் ஞானம்பாள்.

அறை ஜில்லென்று இருந்தும் லட்சுமணனுக்கு வேர்த்தது. ஏ.சி. ரிப்பேரில் மோசடி செய்கிறவர்களைப் பிடிக்க மஃப்டி போலீஸ் இறங்கியிருப்பதாகக் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அது இவர்தானா?

“எப்பவுமே நீ இப்படித்தானா?” என்றார் சதாசிவம்.

“எப்பவும் இப்டித்தான் சார். பொய்யின்றதே நம்ம வாயில வராது.” அவர் கண்ணைப் பார்த்தே சொன்னான். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

சதாசிவத்தின் முகம் தொங்கிப்போனது. மோசடி வழக்கு ஒன்று கைநழுவிப் போன வருத்தம் என்று லட்சுமணன் நினைத்துக்கொண்டான். “சரி, நீ கிளம்பு” என்று அவர் கூலியைக் கொடுத்ததும், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே பாய்ந்தான்.

வாசலுக்கு வந்த பிறகுதான் மூச்சே வந்தது. மயிரிழையில் தப்பியிருக்கிறான். காலி வண்டியோடு போனால் செல்வராஜ் குதிப்பார். குதிக்கட்டும். ‘போலீஸ் பொறி வெச்சிருந்தாங்க மொதலாளி, உங்களையும் சேத்துக் காப்பாத்திகினு வந்துகீறேன்’ என்று சொன்னால் டீ வாங்கிக் கொடுப்பார். இனி இந்தப் பொய்ப் பிழைப்பே வேண்டாம், நாலு பேருக்கு நல்லவனாக இருப்பதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்தபடி வண்டியில் ஏறினான்.

சாவியைத் திருகப் போகையில், ஜன்னல் வழியாகச் சதாசிவம் போனில் யாரிடமோ அலுத்துக்கொள்வது கேட்டது.

“பார்ட்னர், இவனும் தேறலைப்பா. ரெட்டைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வெச்சுக்கலாம்னு பாத்தா, நாம தொறக்கப்போற ஏ.சி. சர்வீஸ் கடைக்கு வாய் கூசாம பொய் சொல்ற மெக்கானிக் ஒருத்தன்கூடவா இந்தப் பக்கம் இல்லை?”