ஊழியத்துக்கு ஓர் ஆள்

பெட்டி மூடிக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தது. மூத்தவள் அதன் மேல் வாலுவை ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஜிப்பை இழுத்தாள்.

"அம்மா, இன்னும் எத்தனை ஸ்வெட்டர்தான் வைப்பே? அங்க போய் இறங்கினதும் ஆடுன்னு நெனச்சு மேய விட்டுடப் போறாங்க."

"விடட்டும். சளி கட்டி இழுத்தா அங்க யாருடி உன் முதுகைத் தடவிக்கிட்டு உக்காருவா?"

வாலுவுக்குப் பதினொரு வயது. ஆள் ஒல்லிக்குச்சி, வாய் மட்டும் வண்டி நீளம். அந்த வாயால்தான் இரண்டே பேர் இருக்கிற அந்த வீடு பத்துப் பேர் இருக்கிற வீடு மாதிரி இத்தனை காலம் இரைந்துகொண்டிருந்தது.

கூடத்தில் மூத்தவளின் தங்கையும், அவள் புருஷன் போதகரும் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். மலைகளுக்கு அப்பால், வேறு பாஷை பேசுகிற ஜனங்களுக்கு நடுவே மிஷனரி ஊழியம் செய்கிறவர்கள். எப்போதாவது விடுமுறையில் வருவார்கள். வந்தாலும் சபை சபையாகப் பேசப் போய்விடுவார்கள். இந்தத் தடவை வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்துவிட்டார்கள். மிஷன் அங்கே புதிதாக ஒரு பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது. வாலு அதில் சேர வேண்டும், அங்கேயே ஹாஸ்டலில் தங்க வேண்டும்.

"இங்க நல்லாத்தானே படிக்கிறா?" என்று மூத்தவள் அன்றைக்கே கேட்டுப் பார்த்தாள்.

போதகர் பொறுமையாகச் சிரித்தார். "நம்ம வீட்டுப் பிள்ளையே அங்க படிக்கலைன்னா, அந்த ஜனங்க எப்படிக்கா நம்பி அவங்க பிள்ளைங்கள அனுப்புவாங்க? ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நான் நேத்தே பேசி முடிச்சிட்டேன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மூத்தவளுக்குத் தொண்டை வரை வந்தது. ஊழியக்காரரிடம் முகத்தில் அடித்தாற்போல் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. விழுங்கிக்கொண்டாள்.

விழுங்குவது அவளுக்குப் புதிதும் அல்ல. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. வாலு வந்த நாளிலிருந்து சாயங்கால ஷிஃப்ட் வேண்டாம், வெளியூர்க் கிளை வேண்டாம், பதவி உயர்வும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தவள். அவளுக்குப் பிறகு சேர்ந்த பெண்ணெல்லாம் இன்று அவளுக்கு மேனேஜர். அதை நினைத்து ஒருநாளும் அவள் வருத்தப்பட்டதில்லை.

"அம்மா! என் கண்ணாடியைக் காணோம்!"

உள்ளேயிருந்து வாலு போட்ட கூச்சலில், கூடத்தில் இருந்த இரண்டு பெண்களும் ஒன்றாகத் திரும்பினார்கள். தங்கை சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பழக்கதோஷம்க்கா. அங்க ஒரு கிராமமே என்னை அம்மான்னுதான் கூப்பிடுது."

மூத்தவள் போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்து வாலுவின் மூக்கில் மாட்டிவிட்டாள். கொஞ்சம் அதிக நேரம் துடைத்துவிட்டாள் போல.

"அம்மா, போதும். தேஞ்சிடும்."

பயணத்துக்காக எல்லோரும் நின்று ஜெபம் செய்தார்கள். போதகர் கண்ணை மூடி, இந்தப் பிள்ளையை உமது பணிக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று உருக்கமாக வேண்டிக்கொண்டிருந்தார். மூத்தவள் கண்ணைத் திறந்தாள். வாலுவும் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. அதுவரை லொடலொட என்று பேசிக்கொண்டிருந்த வாலு, மூத்தவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள்.

"லீவுக்கு வந்துடுவேன்ல?"

"வராம? முதல் லீவுக்கே நான் வந்து கூட்டிட்டு வரேன்."

"அதையெல்லாம் ஆண்டவர் சித்தம்னு விடுங்கக்கா" என்றபடி போதகர் வாலுவின் கையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார். வண்டிக் கதவு சாத்தப்பட்டது.

தண்ணீர் பாட்டிலை எடுக்கத் தங்கை மட்டும் திரும்பி உள்ளே வந்தாள். மூத்தவள் கட்டிலில் உட்கார்ந்து, வாலு அவிழ்த்துப் போட்ட சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பாள், உதறுவாள், மறுபடி மடிப்பாள்.

தங்கைக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டாள்.

"அழாதக்கா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நாங்க ரொம்ப நாளா ஜெபத்துல வெச்சிருக்கோம். நீயும் எங்க மிஷன்ல சேந்துடேன். கடைக்கோடியில ஒரு க்ளினிக் ஆளில்லாம கிடக்குது."

மூத்தவளின் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. "வாலுவோட ஸ்கூலுக்குப் பக்கத்துலயா?"

"அய்யோ, இல்லக்கா. அது எங்கேயோ ஒரு மூலை, இது எங்கேயோ ஒரு மூலை."

வந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. "அப்போ எப்படிடி? வீடு வாசலைப் போட்டுட்டு நான் மட்டும் எங்க வர்றது?"

தங்கை கபடமில்லாமல் சிரித்தாள். அக்காவின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள்.

"என் பொண்ணையும் வளத்துக் குடுத்துட்டே… இனிமே உனக்கென்னக்கா, குடும்பமா குட்டியா?"