இடது கன்னம்

ஸ்டூடியோ கதவைத் தள்ளிக்கொண்டு பியூலா உள்ளே வந்ததும் ஷெர்வினுக்குப் பகீரென்றது.

இடது கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்துக் கிடந்தது.

அஸ்தினாபுரம் சர்ச்சில் சண்டே ஸ்கூல் டீச்சர் அவள். முகம் தெளிவாக ஒரு போட்டோ, நாளைக் காலை கையில் இருந்தே ஆக வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஏரிக்கரை, இளவெயில், மஞ்சள் புடவை என்று அவனாகவே திட்டம் போட்டு வைத்திருந்தான்.

அந்தத் திட்டத்தை அங்கேயே கைவிட்டான். ஊரே வாக்கிங் போகிற இடத்தில் இந்த முகத்தோடு அவளை நிறுத்துவானா?

என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற ஜென்மம் இல்லை அவன்.

லைட்டை வலப்பக்கம் நகர்த்தினான். ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, கூந்தலைக் கொஞ்சம் முன்னால் விடச் சொன்னான். இடது கன்னம் இருட்டுக்குள் போய்விட்டது. மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம். யாரையும் அழகாகக் காட்டிவிடுவான் என்று அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பியூலா எழுந்தாள். லைட்டை அவளே இழுத்து இடப்பக்கம் வைத்தாள்.

"இந்தப் பக்கம் எடு தம்பி. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கணும். நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு எங்க வீட்டுக்காரர் சாதிக்கிறாரு."

அசரியா அண்ணனா? சர்ச் கொயரில் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற அந்த மனுஷனா?

"போன வருஷம் எங்க வெட்டிங் டேக்கு எடுத்தியே, அப்பவும் கழுத்துல அவர் விரல் பதிஞ்சிருந்துச்சு. ஆல்பத்துல நீ அழிச்சிட்டே. கேமராவுல எடுத்தது அப்படியே இருக்கும்ல?"

ஐயையோ!

ஏதோ அலர்ஜி என்று நினைத்து, யாரும் சொல்லாமலே அரைமணி நேரம் உட்கார்ந்து அந்தக் கழுத்தை வழவழவென்று ஆக்கியவன் அவன்தான். ஆல்பம் கைமாறிய மறுநாளே ஒரிஜினலை அழித்துவிடுவது அவன் வழக்கம்.

ஆல்பத்தை வாங்கிய அன்று அவள் அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தாள். தன் கைவேலையில் சொக்கிப்போய்விட்டாள் என்றல்லவா நினைத்தான், பாவி!

"இல்லக்கா" என்றான்.

பியூலா அவனைத் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கூந்தலை அள்ளிப் பின்னால் முடிந்துகொண்டாள்.

"சரி. இதையாவது உள்ளபடி எடு."