மூன்றாவது நிழல்

ஆகஸ்ட் வெயிலில் தோமிகோ மறுபடியும் மூங்கில் பந்தல்மேல் நின்று வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்று வயதில் இவ்வளவு ஆசை ஆகாது என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் உஜி ஊரில் வசந்தத்தில் ஒரு தரம்தான் தேயிலைச் செடிக்கு நிழல் கட்டுவோம். இருபது நாள் வெளிச்சம் குறைந்தால் துளிர் கரும்பச்சையாகி, துவர்ப்பு போய் இனிக்கும். ஆனால் செடி இளைத்துவிடும். பறித்ததும் பந்தலைப் பிரித்து, எருவை அள்ளிப் போட்டு, மற்ற நாளெல்லாம் வெயில் காயவிடுவோம். இவளோ இந்த வருஷம் மூன்றாவது தடவையாக மூடுகிறாள்.

“செடி தாங்காது தோமிகோ அக்கா,” என்றேன்.

“இன்னும் கறுக்கட்டும்.”

கீழே நின்ற இளைய மகன் யாசுஷி, “நீ எறங்கும்மா, நான் ஏறுறேன்,” என்று கெஞ்சினான்.

“உனக்குப் பரப்பத் தெரியாது. வைக்கோலை எடுத்துக் குடு, போதும்.”

அவன் ஓசாகாவில் லிஃப்ட் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தவன். போன வருஷ வசந்தத்தில் அவன் அண்ணன் கெங்கோ இதே பந்தலிலிருந்து விழுந்து, கழுத்து முறிந்து செத்தான். “அண்ணன் வளர்த்த செடியை விட்டுட்டுப் போக மாட்டேன்” என்று ஈமச் சடங்கன்றே இவன் சொல்லிவிட்டான்.

மிச்சமிருக்கும் பிள்ளையை ஊரிலேயே நிறுத்திவைக்கத்தான் ஒரே வருஷத்தில் மூன்று தரம் உயர்ந்த இலை எடுத்துக் காசு சேர்க்கப் பார்க்கிறாள் என்று எங்கள் தெரு கூடிப் பேசி முடிவு கட்டியது. அழுவதற்குக்கூட அவளுக்கு நேரமில்லை என்று அதில் நான் ஒரு வரி சேர்த்தேன்.

எருவுக்கு வாங்கிய கடுகுப் பிண்ணாக்கு எட்டு மூட்டையையும் என் முள்ளங்கிப் பாத்திக்குத் தூக்கிக் கொடுத்தாள். சும்மா வந்ததை ஏன் என்று கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த ஏப்ரலில் ஊரெல்லாம் துளிர்விட்டது. தோமிகோ தோட்டத்தில் சாம்பல் நிறக் குச்சிகள்தான் நின்றன. ஆறுதல் சொல்லவும், கொஞ்சம் பார்க்கவும் போனேன்.

யாசுஷி மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். “ஒண்ணுகூட உசிரோட இல்லம்மா. அண்ணன் பத்து வருஷம் பாத்துப் பாத்து வளர்த்தது.”

“நான் அப்பவே சொன்னேன்,” என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

தோமிகோ காதில் வாங்கவில்லை. வரிசைக்கு ஒரு கிளையாக ஒடித்துப் பார்த்துக்கொண்டே கடைசிவரை போனாள். எல்லாமே சடக்கென்று ஒடிந்தன, ஒன்றிலும் ஈரமில்லை. திரும்பி வந்து மகனின் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

“ஒருத்தன் விழுந்தது போதும், நீ ஓசாகாவுக்குக் கிளம்பு.”