வாய் அடைத்த ஏரி

நாற்றம் தாங்காமல் அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள்.

வெள்ளாறு எப்போதோ தன் வளைவை வெட்டிக்கொண்டு நேராகப் போய்விட்டது. விட்டுப்போன வளைவில் நிற்கும் நீர்தான் இந்தக் குதிரைக் குளம்பு ஏரி.

இப்படிப்பட்ட ஏரிகளை வகை பிரிப்பது அவளுடைய ஆய்வு. பிறை வடிவம், லாட வடிவம், சுருள் வடிவம். ஆற்றோடு தொடுப்பு இருந்தால் திறந்தது. அற்றுப்போனால் மூடியது.

மூடியது என்று ஆய்வு சொன்னால் குப்பை கொட்ட அனுமதி கிடைக்கும்.

போன மழையில் ஏரியின் வாய் வழியாக ஆற்று நீர் உள்ளே வருவதை முழங்கால் நனைய நின்று பார்த்திருந்தாள்.

இப்போது அந்த வாயில் செம்மண் மேடு. லாரித் தடம் காயவில்லை. அதற்குள் நாலைந்து லோடு குப்பையும் இறங்கியிருந்தது.

கெண்டைகள் வயிறு வெளுத்து மிதந்தன. சில இன்னும் வாயைத் திறந்து மூடின. அவை சாகும்வரை ஈக்கள் பொறுக்கவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் தணிகாசலம், குப்பை ஒப்பந்தக்காரர் வாங்கித் தந்த இளநீரைக் குடித்து முடித்திருந்தார்.

"மூடிய வகைன்னு போட்டுரும்மா. கண்ணு முன்னாடிதானே இருக்கு."

இளநீர் வழுக்கையை விரலால் வழித்துத் தின்றார்.

அவள் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கீழே அஞ்சலாட்சி மேட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஏரி மீனை நம்பிப் பிழைப்பவள். காலையிலிருந்து தனியாக.

கரையில் நின்றவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

கருஞ்சேறு. வழவழவென்று ஏதோ விரலிடுக்கில் நசுங்கியது. உடம்பு கூசியது.

இன்னொரு மண்வெட்டி இல்லை. கையால் அள்ளினாள்.

"என்ன பண்ற நீ? உன் தீசிஸ் என் மேஜையிலதான் கெடக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

அவள் நிமிரவில்லை.

ஒப்பந்தக்காரர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

"அந்த ஓரமா பறிம்மா. அங்க மண்ணு எளக்கமா இருக்கு," என்றாள் அஞ்சலாட்சி.

முதலில் கயிறு கனத்துக்கு நீர் கசிந்தது.

பிறகு மேடு சரிந்தது.

கலங்கிய ஆற்று நீர், செத்த மீன்களைத் தள்ளிக்கொண்டு பேராசிரியர் நின்ற கரைவரை போனது. அவர் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளையும் கூட்டி வந்த காருக்கு நடந்தார்.

ஹாரன் ஒலித்தது. மறுபடியும் ஒலித்தது.

அவள் ஓடும் நீரில் முழங்கைவரை கழுவினாள்.

"இங்கேருந்து பஸ் எப்பக்கா வரும்?"