கல் தூக்கும் பெருச்சாளி

கிட்ட வந்து உட்காருங்க, கத்திச் சொல்ற கதை இல்லை இது.

காட்டோரத்தில் ஒரு பழைய தானியக்குழி. அடியில் கம்பும் கிடந்தது, மூச்சை அடைக்கிற கெட்ட காற்றும் கிடந்தது. பெருச்சாளி தினமும் அதற்குள் ஒரு கல்லை உருட்டிவிடும். பிறகு கொடியில் சுருக்குப் போட்டு, மேலே நின்றபடியே கல்லைத் தூக்கும்.

"என்ன மாமா, இன்னைக்கும் கல்லுக் குழம்பா?" என்று அணில் கேலி பேசும்.

ஒருநாள் அணிலின் தம்பி கம்புக்கு ஆசைப்பட்டு உள்ளே இறங்கிவிட்டான். நாலு கம்பு மணி கொறிப்பதற்குள் கண் சொருகி விழுந்தான். "ஐயோ!" என்று அணிலும் பாய்ந்தது. பெருச்சாளி அதன் வாலைக் கவ்விப் பிடித்தது.

"விடு மாமா, தம்பி சாகிறான்!"

"நீயும் விழுந்தா எனக்கு ரெண்டு வேலைடா! கொடியைப் பிடி!"

சுருக்கு இறங்கியது. முதல் வீச்சிலேயே தம்பியின் இடுப்பில் மாட்டியது. இரண்டும் சேர்ந்து இழுத்து வெளியே போட்டதும், தம்பி தும்மி எழுந்தான். வாயில் இன்னும் கம்பு இருந்தது.

மறுநாள் காலையில் அணில்தான் முதலில் கொடியோடு வந்து நின்றது. பெருச்சாளி அணிலை ஏற இறங்கப் பார்த்தது. அப்புறம் சரியாக அதன் எடைக்கு ஒரு கல்லைத் தேடி எடுத்து, குழிக்குள் உருட்டிவிட்டது.