பார்க்க வருகிறவர்களுக்கு இஞ்சி டீ

மூன்றாவது முறையும் பால் திரிந்தது.

ரத்னவேல் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். டீ போட நினைத்தவருக்குப் பனீர் வந்திருந்தது. நல்ல சங்கதிதான், ஆனால் வருகிறவர்கள் பனீர் சாப்பிட வரவில்லை.

முப்பது வருஷம் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் விமான எஞ்சினைப் பிரித்துப் போட்டு மாட்டிய மகாராசன். அவர் முடுக்கிய திருகாணியை நம்பி எத்தனையோ பேர் கடல் தாண்டிப் போயிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவரை ஒரு துண்டு இஞ்சி கவிழ்த்துவிட்டது.

அவருக்கு டீ தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தோ பாயோ காப்பிக்கடையில் "தே சி, சியூ தாய்" என்று குரல் கொடுத்தால் டின்பால் ஊற்றி, சீனி குறைத்து, மேசைக்கே வந்துவிடும். வீட்டிலோ அந்தக் குரல்கூட வேண்டாம். சோபாவில் உட்கார்ந்து லேசாக இருமினால் போதும், மனைவி செண்பகம் கொண்டுவந்து வைப்பாள். ஆக, குடிப்பதைப் பொறுத்தவரை அவர் பெரிய நிபுணர்.

செண்பகம் இப்போது கூடத்துச் சுவரில், சந்தன மாலைக்குள் இருந்தாள். இனி இருமிப் பயனில்லை.

ஐந்து மணிக்குப் பார்க்க வருகிறார்கள். குவீன்ஸ்டவுன் குடும்பம். படத்தைப் பார்த்த அன்றே ரத்னவேலுக்கு இந்த இடம் பிடித்துப்போயிற்று. இதைத் தவறவிட்டால் இன்னொன்று அமையவே அமையாது என்று உள்ளுக்குள் ஒரே பயம். டீயில் கோட்டை விட்டுவிடக் கூடாதே என்று காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய்த் தேயிலைத்தூள், இஞ்சி, பூப்போட்ட புதுக் கோப்பைகள் என்று அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

கைப்பேசியில் ஒரு தாடிக்காரத் தம்பி, முதன்முதலாக டீ போடுகிறவர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான். தேயிலையை மூச்சுவிட விட வேண்டுமாம். தண்ணீரின் மனநிலையை அறிந்துகொள்ள வேண்டுமாம். இஞ்சியை எப்போது போடுவது என்கிற அற்ப விஷயத்தை மட்டும் அந்த ஞானி சொல்லவே இல்லை.

மகள் கவிப்ரியா சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். பட்டு இல்லை, பூ இல்லை. பழைய டீ-சட்டையும் அரைக்கால் சிலுவாரும். பார்க்க வருகிற நாளில் ஒரு வீட்டுப் பெண் இருக்கிற லட்சணமா இது?

நடைபாதையில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு நாகம்மாவுக்கும் அதே கவலை. சன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்.

"வயசுப் பொண்ணு சோபாவுல, அப்பா அடுப்படியில. ரொம்ப நல்லா இருக்குங்க அண்ணே!"

கவிப்ரியா தலையைக்கூடத் தூக்கவில்லை. "நான் போட்டுக் குடுத்தா அது சீட்டிங்ப்பா. இஞ்சியை ஃபர்ஸ்ட் தண்ணியில கொதிக்கவிடுங்க லா, அப்புறம்தான் பால்!"

இதை முதல் சட்டியிலேயே சொல்லியிருக்கலாம். பெற்ற பாசம் அப்படி.

இந்த முறை திரியவில்லை. நிறம்கூட வந்தது. ரத்னவேல் மூச்சை அடக்கிக்கொண்டு வடிகட்டினார். பாதி கோப்பைகளுக்குப் போனது, பாதி மேடைக்குப் போனது. ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கொஞ்சம் தண்ணீராக இருந்தது.

தண்ணீர் டீ என்றாலே அவரிடம் ஒரு கதை உண்டு. செண்பகத்தைப் பார்க்கப் போன அன்று, அவள் ட்ரேயோடு நிற்கும்போதே, "டீ கொஞ்சம் தண்ணியா இருக்கு, போய்ப் பேசிட்டுச் சொல்றோம்" என்றாராம். கல்யாண விருந்து, காதுகுத்து எதுவானாலும் இதைச் சொல்லாமல் அவர் கை கழுவியதில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். செண்பகமும் சிரிப்பாள்.

அழைப்பு மணி அடித்தது.

சரத் முதலில் வந்தான். பின்னால் அவன் மனைவி. அதற்கும் பின்னால், ஊதா நிறக் கைத்தறிப் புடவையில், அவன் அம்மா கண்மணி. மூவரும் சோபாவில் அமர்ந்தார்கள். சரத் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, வீட்டை விலைக்குக் கேட்க வந்தவன்போலச் சுற்றிப் பார்த்தான்.

கவிப்ரியா அடுப்படிக்குள் வந்தாள். மேடையைத் துடைத்தாள். அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ட்ரேயை அவர் கையில் கொடுத்தாள்.

"போங்கப்பா. உங்களைத்தானே பார்க்க வந்திருக்காங்க."

எஞ்சினையே அசைத்த கைகள், நாலு கோப்பையை முட்டையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு போயின. கூடத்தைக் கடப்பதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. கண்மணிக்கு முதலில் நீட்டினார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். படத்தில் இருந்ததைவிட நரை அதிகம். அழகும் அதிகம்.

சரத் ஒரு வாய் குடித்தான். உதட்டைச் சப்புக்கொட்டி மனைவியைப் பார்த்தான்.

"டீ கொஞ்சம் தண்ணியா இருக்கு அங்கிள். போய்ப் பேசிட்டுச் சொல்றோம்."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவன் மனைவி சிரித்தாள். கவிப்ரியாகூடச் சிரித்துவிட்டாள். ரத்னவேலும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் காதுமடல் தீயாய்ச் சுட்டது, ட்ரேயை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. செண்பகம் இத்தனை வருஷமும் சிரித்தது இந்தச் சிரிப்புத்தான்.

கண்மணி மட்டும் சிரிக்கவில்லை. டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். வெறும் கோப்பையை ரத்னவேலின் ட்ரேயில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்களா?"

இருந்தது. மேடையில் சிந்தியது போக, சரியாக ஒரு கோப்பை இருந்தது.