குருவிக்குக் கிடைத்த அவகாசம்

"நிறுத்துங்க மேஸ்திரி! இன்னிக்கு இடிக்க வேண்டாம்" என்றார் வீட்டுக்காரர்.

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. ஆட்களும் கடப்பாரையுமாக இப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்.

"ஏன் சார்?"

"மாடி ஜன்னலுக்கு மேல குருவிக்கூடு இருக்கு. முட்டையோ குஞ்சோ இருக்கறப்ப கூட்டைக் கலைச்சா சட்டப்படி குற்றம். குஞ்சு பறக்கற வரைக்கும் ஒரு செங்கல்லை அசைக்கக் கூடாது. அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

வீடு அண்ணன், தம்பி இருவருக்கும் பொது. அண்ணன் வெளியூரில் இருந்தார்.

கீழ்வீட்டில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த குடித்தனக்கார அம்மாள் விருட்டென்று வெளியே வந்தாள். உள்ளே அவள் மகள், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. போவதற்கு வேறு வீடு இன்னும் அமையவில்லை.

"நல்லா இருக்குங்க உங்க நியாயம்! கொஞ்ச நாள் பொறுங்கன்னு கால்ல விழாத குறையா கெஞ்சினேன். முடியாதுன்னீங்க. குருவின்னா மட்டும் மனசு இளகிடுதாக்கும்!"

வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சட்டம்னா சட்டம்தாம்மா. அதுவரைக்கும் வேணும்னா நீங்களும் இருந்துக்குங்க. மூட்டையைப் பிரிங்க."

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "குருவி புண்ணியத்துல குழந்தைக்கும் ஒரு கூரை!" என்றபடி சிரித்த முகமாக உள்ளே போனாள்.

மேஸ்திரிக்குத்தான் மனசு ஆறவில்லை. வந்த வேலை கெட்டுப்போனால் யாருக்குத்தான் ஆறும்? ஏணியைச் சாத்தினார்.

"மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு ஏறுங்க. எச்சத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வம்பு" என்றார் வீட்டுக்காரர்.

அதற்கும் சட்டம் இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறிய மேஸ்திரி, எட்டிப் பார்த்துவிட்டு மடமடவென்று இறங்கினார்.

"சார், காலிக் கூடு! முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. வெறும் நூலாம்படைதான். ஆரம்பிச்சுடலாமா?"

"மெதுவாப் பேசுங்க!" வீட்டுக்காரர் அவர் தோளைப் பிடித்துச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"நேத்தே ஏறிப் பார்த்துட்டேன் மேஸ்திரி. கீழே கைக்குழந்தை இருக்குன்னு அண்ணன்கிட்ட எவ்வளவோ சொன்னேன். 'அதுக்கு நாம என்ன பண்றது?'ன்னுட்டார். குருவிக்குஞ்சு இருக்கு, கேஸாயிடும்னு சொன்னதும்தான் 'ஐயையோ, பாவம், தள்ளிப்போடு'ன்னார்!"